சென்னைப் பழம்பேட்டைகளில் வீடு: கிரயமும் வாடகையும்

சென்னைப் பட்டணத்தின் பழம்பேட்டைகளுள் ஒன்றில், நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு முன்போ அதற்கும் முன்போ கட்டிய வீடொன்றைக் கிரயத்துக்கு வாங்குவதா, அல்லது அத்தகைய வீட்டை வாடகைக்கு அமர்த்திக்கொள்வதா என்னும் கேள்வி, மாதச் சம்பளத்தை நம்பி வாழும் குடும்பங்களில் ஒருமுறையேனும் எழாமல் இருப்பதில்லை. எழுந்தவுடன் இரண்டு விடைகள் ஆயத்தமாக வந்து நிற்கின்றன. வாடகையாகக் கொடுத்த பணம் போனது போனதுதான், ஆகையால் கடன்பட்டாவது வாங்கிவிட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லுகிறார்கள். பழங் கட்டடத்தில் பணத்தைப் போடுவது விவேகமாகாது, அதைவிட ஊருக்கு வெளியே புதிய அடுக்ககம் ஒன்றைப் பார்த்துக்கொள்ளலாம் என்று இளையவர்கள் சொல்லுகிறார்கள். இரண்டு அபிப்பிராயங்களிலும் உண்மை உண்டு. ஆனால் இருசாராரும் வீடு என்பதை ஒரே பொருளாக எண்ணிப் பேசுவதால், விஷயத்தின் உட்புறத்தைத் தொடாமலே வாதத்தை முடித்துவிடுகிறார்கள்.

வீடு என்று நாம் வழங்குவதில் மூன்று வஸ்துக்கள் அடங்கியிருக்கின்றன: அடியில் கிடக்கும் மனை, அதன்மேல் நிற்கும் கட்டடம், இரண்டையும் சூழ்ந்திருக்கும் பேட்டை. இவற்றுள் மனையின் மதிப்பு பெரும்பாலும் ஏறுவது. கட்டடத்தின் மதிப்பு இறங்குவது. பேட்டையின் மதிப்போ அங்கே வாழ்கிறவருடைய தேவையைப் பொறுத்தது. பழைய தனி வீட்டை வாங்குகிறவர் கொடுக்கும் விலையில் மிகப் பெரும் பங்கு மனைக்கே போய்ச் சேருகிறது. வாடகைக்கு வருகிறவர் மனையைப் பற்றிய கவலையின்றிக் கட்டடத்தையும் பேட்டையையும் அனுபவித்துவிட்டுப் போகிறார். ஒரே வாசற்படியில் ஏறினாலும் இருவரும் வெவ்வேறு பொருள்களுக்கு விலை பேசுகிறார்கள். இதற்கிடையில் கட்டடம் நாளுக்கு நாள் முதுமை அடைந்துகொண்டே வருகிறது. அந்த முதுமையின் செலவை யார் ஏற்பது, எத்தனை காலத்துக்கு ஏற்பது என்பதே கிரயத்துக்கும் வாடகைக்கும் இடையேயுள்ள மூல வேற்றுமை என்பது என் கருத்து. அதைக் கட்டடம், தண்ணீர், பத்திரம், பணம், குடியிருப்போர் உரிமை என்ற வரிசையில் இங்கே ஆராயலாம்.

பேட்டைகளும் வீட்டு வகைகளும்

சென்னை ஒரே காலத்தில் எழுந்த நகரம் அன்று. மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் கோட்டை எழுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கோயிலைச் சுற்றி அமைந்த ஊர்கள். சிந்தாதிரிப்பேட்டை 1734-இல் நெசவாளர்களைக் குடியேற்றுவதற்கென்றே கிழக்கிந்தியக் கும்பினியார் உண்டாக்கியது. தியாகராய நகர், 1920-ஆம் ஆண்டின் நகரமைப்புச் சட்டம் வந்த பிறகு, மாம்பலத்துப் பெரிய ஏரியின் நீரை வடித்துத் தெருக்கள் வகுக்கப்பட்ட இடம். அடையாற்றுக் காந்தி நகர் சுதந்திரம் வந்த காலத்தையொட்டிக் கூட்டுறவு முயற்சியால் உருவானது. இந்தப் பிறப்பு வேற்றுமை இன்றும் மறையவில்லை. கோயிலூர்களில் மனைகள் முகப்புக் குறுகி உள்நீண்டு, அண்டை வீட்டாரோடு சுவரைப் பங்கிட்டுக்கொண்டு நிற்கின்றன. திட்டமிட்ட நகர்களில் நாற்புறமும் இடம் விட்டுக் கட்டிய வீடுகள் காணப்படுகின்றன. ஏரியாயிருந்த நிலம், ஐப்பசி கார்த்திகையில் தான் ஏரியாயிருந்ததை மறந்துவிடுவதில்லை.

பழைய வீடு என்று தரகர்கள் காட்டுவனவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, செங்கல்லும் சுண்ணாம்பும் தேக்கு உத்திரமும் கொண்டு ஏறக்குறைய 1950-க்கு முன் எழுந்தவை. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், புழக்கடைக் கிணறு என்ற அமைப்பில் உள்ள இவற்றில் பல, பின்னாளில் தட்டி வைத்து மறைத்து ஒண்டுக்குடித்தனங்களாக மாறின. இரண்டாம் வகை, சிமெண்டும் இரும்புக் கம்பியும் கொண்டு அடுத்த முப்பது ஆண்டுகளில் எழுந்த தனி வீடுகள். மூன்றாவது, எழுபதுகளின் பிற்பகுதி முதல் அந்தத் தனி வீடுகளை இடித்துவிட்டுக் கட்டிய சிறிய அடுக்ககங்கள். ஆறு அல்லது எட்டுக் குடும்பங்கள், மூன்று மாடி, மின்தூக்கி இல்லை, கார் நிறுத்த இடமில்லை என்பது இவற்றின் பொது இலக்கணம். இந்த மூன்றுக்கும் முதுமை ஒரே விதமாக வருவதில்லை.

கட்டடத்தின் முதுமை

சுண்ணாம்புக் காலத்து வீடுகளின் சிறப்பு, மெட்ராஸ் டெரஸ் என்று பெயர்பெற்ற மேல்தளம். தேக்குக் கட்டைகளை நெருக்கமாகப் பாவி, அவற்றின்மேல் மெல்லிய சிறு செங்கற்களைக் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் குறுக்குவாட்டமாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பிப் பல நாள் தட்டி இறுக்கி, மேலே தட்டோடு பதிப்பார்கள். இத்தகைய தளம் பராமரிப்பு இருந்தால் நூறு ஆண்டுகளைத் தாண்டியும் நிற்கிறது. அதற்குச் சத்துருக்கள் இரண்டே: கரையான், ஓதம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி மீண்டும் காற்றில் விட்டுவிடும் சுபாவம் உடையது. அதன்மேல் சிமெண்டுப் பூச்சைப் பூசிவிட்டால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி, சில ஆண்டுகளில் பூச்சைத் தள்ளிக்கொண்டு வருகிறது. ஆகவே இவ்வகை வீட்டைப் பார்க்கப் போகிறவர், புதிதாக வண்ணம் அடித்த சுவரைக் கண்டு மகிழ்வதைவிட, அந்த வண்ணத்துக்கு அடியில் இருப்பது சுண்ணாம்பா சிமெண்டா என்று விசாரிப்பதும், உத்திரங்கள் சுவருக்குள் நுழையும் முனைகளை ஓர் ஆணியால் குத்திப் பார்ப்பதும் பிரயோஜனமானவை. உத்திரத்தின் நடுப்பகுதி வைரம் பாய்ந்திருக்கும்போதே, சுவரின் ஈரத்தில் புதைந்த முனை உளுத்துப் போயிருப்பதுண்டு.

கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு வரும் நோய் வேறு. கடற்காற்றின் உப்பும் ஈரமும் நாளடைவில் கான்கிரீட்டின் மேல்தோலைக் கடந்து கம்பியை அடைகின்றன. துருப்பிடித்த இரும்பு முன்பிருந்த அளவைவிடப் பருத்துவிடுவதால், தன்னை மூடியிருக்கும் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. கம்பியின் போக்கிலேயே ஓடும் மெல்லிய விரிசலும், அதையொட்டிய பழுப்புக் கறையும் இந்த நோயின் முதற்குறிகள். இவற்றைத் தேட வேண்டிய இடம் வரவேற்பறை அன்று. சன்னல்மேல் நிற்கும் சன்ஷேடின் அடிப்பக்கம், குளியலறைக்குக் கீழுள்ள தளம், பால்கனியின் விளிம்பு, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் தூண்கள் ஆகியவையே நோய் முதலில் தோன்றும் உறுப்புகள். அனுபவமுள்ள கொத்தனார் ஒரு மூங்கிற்கழியால் மேற்கூரையைத் தட்டிக்கொண்டே அறையைச் சுற்றி வருவார். நல்ல இடத்தில் கெட்டியாக ஒலிக்கும் சத்தம், பூச்சும் கம்பியும் பிரிந்த இடத்துக்கு வந்ததும் பொள்ளென்று மாறிவிடும். அந்தச் சத்தம் கேட்ட சதுர அடிகளைக் குறித்துக்கொண்டு விலை பேசுகிறவரே கட்டடத்தின் உண்மையான விலையைப் பேசுகிறவர்.

கட்டடத்துக்கு உள்ளே பார்த்ததோடு நிறுத்திக்கொள்ளாமல், வாசலிலும் சற்று நின்று பார்க்க வேண்டும். பழைய பேட்டைகளில் சாலையைச் சுரண்டாமல் ஒன்றன்மேல் ஒன்றாகத் தார் போட்டு வந்த வழக்கத்தால், ஒரு காலத்தில் மூன்று படி ஏறி நுழைந்த வீட்டுக்கு இன்று ஒரு படி இறங்கி நுழைய வேண்டியதாகிவிட்டது. மழைநீர் முதலில் நாடுவது அந்தப் பள்ளத்தையே. வீட்டை அடியோடு ஜாக்கி வைத்துத் தூக்கி நிறுத்தும் தொழிலே இந்நகரில் ஒன்று வளர்ந்திருப்பதிலிருந்து, இந்தத் தொல்லை எத்தனை பொதுவானது என்பதை ஊகித்துக்கொள்ளலாம். வாடகைக்கு வருகிறவர் அத்தகைய வீட்டைக் கண்டால் அடுத்த தெருவுக்குப் போய்விடலாம். வாங்குகிறவர் வீட்டைத் தூக்கும் செலவையும் சேர்த்தே விலை கணக்கிட வேண்டும்.

தண்ணீர்

சென்னையில் வீட்டு விசாரணையின் பாதி தண்ணீர் விசாரணை. கடலோரப் பேட்டைகளில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்தபோதெல்லாம் உப்புநீர் உள்ளே ஏறியிருக்கிறது. 2003-இல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்ட பின்னர் பல கிணறுகள் தேறின என்பது உண்மையே. எனினும் 2019-ஆம் ஆண்டுக் கோடையில், நகருக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் அனேகமாக வறண்டு, லாரித் தண்ணீருக்குத் தெருத் தெருவாகக் குடங்கள் வரிசை நின்றதை யாரும் மறந்திருக்க முடியாது. மழைக் காலத்துக்கோ நேர் எதிரான சோதனை. 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டதும், 2021 நவம்பரில் தியாகராய நகர்த் தெருக்கள் நாட்கணக்கில் தண்ணீரில் நின்றதும் அண்மைக் கால நிகழ்ச்சிகள்.

பழைய தனி வீட்டுக்கு இவ்விஷயத்தில் ஓர் அனுகூலம் உண்டு. அதற்கென்று ஒரு கிணறு, மழைநீரை இறக்கிக்கொள்ளச் சிறிது மண், தன் தேவைக்கு மட்டும் இறைத்துக்கொள்ளும் சுதந்திரம் ஆகியவை எட்டுக் குடும்பங்கள் ஓர் ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கும் அடுக்ககத்துக்கு இல்லை. ஆனால் கிணறு இருப்பது வேறு, கிணற்றில் சித்திரை வைகாசியிலும் உப்புக் கரிக்காத நீர் இருப்பது வேறு. இதைத் தரகரிடமோ உரிமையாளரிடமோ கேட்டு அறிய முடியாது. எதிர் வீட்டில் கோலம் போடும் அம்மாளிடமும், தெருக்கோடியில் இஸ்திரி வண்டி நிறுத்தியிருப்பவரிடமும் பேச்சுக் கொடுத்தால் அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும்.

பத்திரங்களின் பாரம்பரியம்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்ற பழமொழி புதிதாகக் கட்டுகிறவரைக் குறித்து எழுந்தது. கட்டிய வீட்டை வாங்குகிறவருக்கு அந்தச் சிரமம் இல்லை. அதற்குப் பதிலாக, முந்தைய தலைமுறைகள் தீர்க்காமல் விட்ட பாத்தியதைகளும் வியாஜ்யங்களும் வீட்டோடு சேர்ந்து அவர் கைக்கு வருகின்றன.

மூலப் பத்திரம் முதல் இன்றைய கிரயப் பத்திரம் வரை சங்கிலி அறுபடாமல் வருகிறதா என்று பார்ப்பதே முதல் வேலை. வில்லங்கச் சான்றை இன்று 1975 முதல் இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு முந்தைய காலத்துக்குப் பதிவு அலுவலகத்தில் மனுச் செய்து தேடவேண்டும். ஆனால் வில்லங்கச் சான்று பதிவான பத்திரங்களை மட்டுமே காட்டும். பதிவாகாத உயிலையும், குடும்பத்துக்குள் வாய்மொழியாக நடந்த பாகத்தையும், நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கையும் அதில் தேடிப் பயனில்லை. சென்னை நகரத்துச் சொத்துகளை உயில் மூலம் அடைந்த இந்துக்கள் அதை நீதிமன்றத்தில் மெய்ப்பித்துப் புரோபேட் பெற்றாக வேண்டும் என்ற விதி நெடுங்காலம் நடைமுறையில் இருந்ததால், பழைய உயிலொன்று சங்கிலியின் நடுவே வந்தால் அந்த ஆணை இருக்கிறதா என்றும் கேட்கவேண்டும்.

அடுத்தது பெண்மக்களின் உரிமை. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்கு உள்ளது போன்ற பங்கு மகளுக்கும் உண்டு என்று தமிழ்நாட்டுச் சட்டம் 1989-இல் வகுத்தது. அதற்கு முன் மணமாகிப் போன பெண்களை அது விட்டுவிட்டது. 2005-இல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாக முடிந்துபோன பாகப்பிரிவினைகளை மட்டும் கலைக்காமல் விட்டது. ஆகவே அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்திட்டு விற்கும் பூர்வீக வீட்டில், சகோதரிகள் எங்கே என்று கேட்பது அநாகரிகம் ஆகாது. கேட்காமல் இருப்பதே அறியாமை. வாரிசுகளில் சிலர் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்க, ஒருவர் மட்டும் பொது அதிகாரப் பத்திரத்தோடு வந்து நிற்பது மயிலாப்பூர், மாம்பலம் பக்கங்களில் சாதாரணக் காட்சி. அந்த அதிகாரம் இன்னும் உயிரோடு இருக்கிறதா, கொடுத்தவரும் உயிரோடு இருக்கிறாரா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். பவர் பத்திரத்தை மட்டும் கையில் வாங்கிக்கொண்டு வீட்டை வாங்கியதாக எண்ணுவது உரிமை மாற்றம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவுபடுத்திவிட்டது.

இவற்றோடு, சென்னைக்கே உரிய ஒரு சில்லறைக் குழப்பமும் உண்டு. பத்திரத்தில் பழைய கதவு எண், வரி ரசீதில் புதிய எண், மின் இணைப்பு அட்டையில் இரண்டுக்கும் பொருந்தாத மூன்றாவது எண் என்று ஒரே வீடு மூன்று பெயரில் உலவும். எண்களை நம்பாமல், சொத்து விவரத்தில் எழுதியுள்ள நான்கெல்லையையும் நகர நில அளவை எண்ணையும் நேரில் ஒத்துப் பார்ப்பதே உத்தமம். அளவு நாடாவைப் பிடித்துப் பார்த்தால், 2,400 சதுர அடி கொண்ட ஒரு கிரவுண்டு என்று எழுதிய மனை, அண்டை வீட்டார் சுவரை நகர்த்திய வகையில் சற்றுச் சுருங்கியிருப்பதும் தெரியவரும்.

தனியாகக் குறிப்பிட வேண்டியது கோயில் மனை. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி முதலிய இடங்களில் அடிமனை கோயிலுக்கும், மேலுள்ள கட்டடம் மட்டும் குடியிருப்பவருக்கும் உரிமையாக இருப்பது உண்டு. 1921-ஆம் ஆண்டின் நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம், பிறர் மனையில் கட்டடம் எழுப்பியவருக்கு அந்த மனையையே விலைக்குக் கேட்கும் உரிமையை அளித்தது. 1996-இல் வந்த திருத்தம் சமய நிறுவனங்களின் நிலங்களை அதிலிருந்து விலக்கிவிட்டது. அறநிலையத் துறைச் சட்டப்படி ஆணையரின் அனுமதியின்றிக் கோயில் நிலத்தை விற்பது செல்லாது. எனவே இத்தகைய வீட்டை வாங்குகிறவர் வாங்குவது இறங்கிக்கொண்டே போகும் கட்டடம் ஒன்றைத்தான். ஏறுகின்ற மனை அவருக்குச் சொந்தமாகாது. மலிவாக இருக்கிறது என்பதற்காகச் சொந்த மனை விலையில் பாதி கொடுத்தாலும் அது அதிகமே. மாடவீதி வாசத்தை நாடுகிறவருக்கு அத்தகைய வீட்டில் வாடகைக்கு இருப்பதில் இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை.

பணத்தின் கணக்கு

இனி, வாடகை வீண் என்ற வாதத்தைக் கணக்கால் சோதிப்போம். உதாரணமாக 1 கோடி ரூபாய் விலையுள்ள பழைய அடுக்கக வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது மாதம் 25,000 ரூபாய்க்கு வாடகைக்குக் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமுமாக 9 லட்சம் ரூபாய் அரசுக்குப் போகிறது. கையிலிருந்து 20 லட்சம் போட்டு, மீதி 80 லட்சத்தை 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடனாக வாங்கினால், மாதத் தவணை சுமார் 69,400 ரூபாய். முதல் மாதத் தவணையில் ஏறக்குறைய 56,700 ரூபாய் வட்டிக்கே சரியாகிவிடுகிறது. அசலில் கழிவது 13,000-க்கும் குறைவு. கையிலிருந்து போன 29 லட்சத்தை வைப்பு நிதியில் போட்டு 7 சதவீதம் பெற்றிருந்தால் மாதம் சுமார் 17,000 ரூபாய் வந்திருக்கும். ஆகத் திரும்பி வராத பணம் என்று பார்த்தால், வாடகைக்காரர் கொடுப்பது 25,000. வாங்கியவர் முதலாண்டில் இழப்பது மாதம் சுமார் 73,600. இந்த வித்தியாசம் ஆண்டுக்கு ஏறக்குறைய 5.8 லட்சம், அதாவது வீட்டின் விலை ஆண்டுக்கு 6 சதவீத அளவில் ஏறினால்தான் வாங்கியவர் வாடகைக்காரரோடு சமமாக நிற்கிறார். பழுதுபார்க்கும் செலவும் சொத்துவரியும் இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை.

எனினும் கணக்கை இந்த இடத்தில் நிறுத்திவிடுவது வாங்குகிறவருக்கு நியாயம் செய்ததாகாது. வட்டி ஆண்டுதோறும் குறைகிறது. வாடகை ஆண்டுதோறும் கூடுகிறது. ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறினால் இன்றைய 25,000 ரூபாய் வாடகை 15 ஆண்டுகளில் 52,000 ஆகிவிடும். தவணையோ, வட்டி விகிதம் மாறாதிருந்தால், அன்றும் அதே 69,400. ஆகவே காலம் நீளநீளக் கிரயத்தின் பக்கம் தராசு சாய்கிறது. ஐந்து ஆறு ஆண்டுகளில் விற்றுவிட்டுப் போக நேர்ந்தால், பத்திரப் பதிவில் கொடுத்த 9 லட்சமும் தரகும் மேலும் நஷ்டமாகின்றன. மேலும், மாதந்தோறும் மிச்சமாகும் வித்தியாசத்தை வாடகைக்காரர் உண்மையிலேயே சேமிக்கிறார் என்று கொண்டால்தான் இந்தக் கணக்கு பொருந்தும். சேமிப்புப் பழக்கம் இல்லாதவருக்கு வங்கித் தவணை ஒரு கட்டாயச் சேமிப்பாக உதவுகிறது என்ற பெரியவர்களின் வாதத்தில் மனித சுபாவத்தைப் பற்றிய ஞானம் இருக்கிறது.

அடுக்ககத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே மனை என்பது பத்திரத்தில் எழுதியுள்ள பிரிபடாப் பங்குதான். எட்டு வீட்டுப் பத்திரங்களிலும் உள்ள பங்குகளைக் கூட்டினால் மொத்த மனைக்குச் சரியாக வருகிறதா என்று பார்ப்பது அவசியம். 2019-இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள், மனையின் பரப்பைப் போல் இரண்டு மடங்கு தளப்பரப்பைச் சாதாரணக் கட்டடங்களுக்கு அனுமதித்தன. அதற்கு முன் ஒன்றரை மடங்கே இருந்தது. 2022-ஆம் ஆண்டின் அடுக்கக உரிமைச் சட்டம், மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துப் புதுப்பிக்க வழிசெய்தது. இவ்விரண்டும் சேர்ந்து, நல்ல பிரிபடாப் பங்குள்ள பழைய வீடுகளுக்கு ஒரு புதிய மவுசை உண்டாக்கியிருக்கின்றன. ஆனால் இடிக்கும் நாள் என்று வரும், கட்டுமானக்காரர் எத்தனை ஆண்டில் முடிப்பார், அதுவரை வாடகை யார் தருவார் என்பவை அண்டை வீட்டாரின் ஒற்றுமையைப் பொறுத்தவை. மொட்டை மாடிக் கசிவை அடைக்கப் பணம் பிரிப்பதிலேயே இரண்டு ஆண்டு சண்டை போட்ட அடுக்ககத்தில், புனர் நிர்மாணம் விரைவில் நடக்கும் என்று நம்பி அதிக விலை கொடுப்பது சூதாட்டத்தின் பாற்பட்டது.

வாடகைக்கு இருப்பவரின் நிலை

1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நெடுங்காலம் குடியிருப்பவரைக் காப்பாற்றியது. அதே சமயம், அற்ப வாடகையில் தலைமுறைக் கணக்காக ஆட்கள் இருந்த வீடுகளை உரிமையாளர்கள் செப்பனிடாமல் கைவிட்டதற்கும் அது ஒரு காரணமாயிற்று. ஜார்ஜ் டவுன், திருவல்லிக்கேணிச் சந்துகளில் இடிந்துகொண்டே வாடகைக்கு விடப்பட்டிருந்த கட்டடங்கள் அதற்குச் சாட்சி. அச்சட்டத்துக்குப் பதிலாக 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், வாடகை இவ்வளவுதான் என்று அரசு விதிப்பதை விட்டுவிட்டு, எழுத்து ஒப்பந்தத்தையும் அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்வதையும் அடிப்படையாகக் கொண்டது. வேறு உடன்பாடு இல்லாதபோது முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது என்கிறது அது. பத்து மாத அட்வான்ஸ் கேட்டுப் பழகிய சென்னையில் இந்த விதியைச் சொல்லிப் பேரம் பேசலாம், பேரம் எப்போதும் பலிக்கும் என்று மட்டும் சொல்ல முடியாது. கட்டடத்தின் பெரிய பழுது, வெள்ளையடித்தல், குழாய் மாற்றுதல் ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கடை அடைப்பு போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு என்றும் அச்சட்டம் பட்டியலிட்டிருக்கிறது. முதுமையின் செலவு யாருக்கு என்ற நம் மூலக் கேள்விக்குச் சட்டமே தந்திருக்கும் விடையாக இந்தப் பட்டியலைக் கொள்ளலாம்.

ஆயினும் வாடகைக்காரரின் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. இடித்துக் கட்டுவதற்கோ சொந்த உபயோகத்துக்கோ வீடு வேண்டும் என்று உரிமையாளர் கேட்டால் அவர் காலி செய்தாக வேண்டியவர். கட்டுமானக்காரர்கள் வட்டமிடும் பேட்டைகளில் பழைய வீடுகளுக்கே இந்த அபாயம் அதிகம். பதினொரு மாத ஒப்பந்தத்தை நம்பிப் பிள்ளைகளைப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்தவர் நடுப் பருவத்தில் வீடு தேட நேர்வது உண்டு. போக்கியத்துக்குக் குடிபோவோர் இன்னும் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். வாடகை இல்லை, கெடு முடிந்ததும் பெருந்தொகை முழுவதும் திரும்பி வரும் என்பது ஏற்பாடு. ஆனால் அதே வீட்டை உரிமையாளர் முன்னரே வங்கியில் அடமானம் வைத்திருந்து, கடன் நிலுவையாகிவிட்டால், வங்கி ஏலத்துக்கு வரும் நாளில் போக்கியக்காரரின் தொகை கேள்விக்குறியாகிவிடும். ஆதலால் வாங்குகிறவரைப் போலவே அவரும் வில்லங்கம் பார்த்து, பத்திரத்தைப் பதிவு செய்துகொள்ளவேண்டும்.

பழம்பேட்டைகளின் கசப்பான பக்கம் ஒன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். சைவ உணவினருக்கு மட்டும் என்ற அறிவிப்பும், பெயரைக் கேட்டதும் வீடு போய்விட்டது என்ற பதிலும், இந்த நகரத்தில் முஸ்லிம்களுக்கும் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கும் பழக்கமானவை. பணம் ஒன்றையே கணக்கிட்டு வாடகையின் அனுகூலங்களைப் பாடுகிறவர், அந்த வாசலில் எல்லோரும் சமமாக நிற்பதில்லை என்பதை மறந்துவிடுகிறார். பத்து வீட்டுக் கதவு தட்டித் திரும்பிய குடும்பத்துக்குச் சொந்த வீடு என்பது முதலீடு என்ற சொல்லுக்குள் அடங்காத ஒரு கௌரவ ரட்சணை. அவர்கள் சற்று அதிக விலை கொடுத்தும் வாங்க முற்படுவதைக் கணக்குத் தெரியாமை என்று இகழ்வது தவறு.

முடிபு

மேற்கூறியவற்றைத் தொகுத்துப் பார்த்தால் சில தீர்மானங்களுக்கு வரலாம். ஒரு பேட்டையில் வாங்க எண்ணுகிறவர், இயன்றால் அங்கேயே ஒரு வடகிழக்குப் பருவமழையும் ஒரு கோடையும் வாடகைக்கு இருந்து பார்க்கட்டும். எந்த வக்கீலும் பொறியாளரும் சொல்ல முடியாத செய்திகளை அந்த ஓராண்டு சொல்லிவிடும். வாங்கும்போது கட்டடத்துக்கு மதிப்பே இல்லை என்று வைத்து, வெறும் மனையை அல்லது பிரிபடாப் பங்கை இந்த விலைக்கு வாங்குவோமா என்று தம்மையே கேட்டுக்கொள்ளட்டும். ஆம் என்று மனம் சொன்னால் கட்டடம் இலவசமாக வந்த உபகாரம், இல்லை என்றால் விலை அதிகம். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குக் குறைவாக இருக்கப் போகிறவரும், மாற்றலுக்கு உட்பட்ட உத்தியோகத்தாரும், கோயில் மனையில் நிற்கும் வீட்டை விரும்புகிறவரும், மூன்று மாடி ஏற முடியாத வயதை நெருங்குகிறவரும் வாடகைக்கு இருப்பதே மேல். பூர்வீகம் துலங்கிய பத்திரமும், நீண்ட கால வாசத்துக்கான காரணமும், வங்கிக் கடனை எல்லை வரை இழுக்காமல் கூரையைச் செப்பனிடக் கையில் கொஞ்சம் பணமும் உடையவர் தாராளமாக வாங்கலாம். இந்த மூன்றில் ஒன்று குறைந்தவர், வாடகை கொடுக்கிறோமே என்று வருந்த வேண்டியதில்லை. கட்டடத்தின் முதுமையை உரிமையாளர் சுமக்க, அதற்குரிய கூலியைத்தான் வாடகைக்காரர் மாதந்தோறும் கொடுத்து வருகிறார், இன்றைய சென்னையின் கணக்குப்படி அது குறைந்த கூலியும்கூட.